பாட்டில் ஃபில்டர்: ஊற்றியதைவிடக் கலங்கலாகத் தண்ணீர் வருகிறது, என்ன தப்பு?

ஓடம்போக்கி:
7ஆம் வகுப்பு, 32 பிள்ளைகள், திருவாரூர் பக்கம் வாய்க்கால் ஓரத்துப் பள்ளி. குடிநீர் எப்படிச் சுத்தமாகிறது என்பதை மூன்று பீரியடுக்குள் செய்து காட்ட வேண்டும். 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் அடியை வெட்டி, கவிழ்த்து, மேலிருந்து கீழாக ஜல்லி, மணல், அடுப்புக்கரி, பஞ்சு என்று அடுக்கியாயிற்று. மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒன்று, முதலில் கறுப்பாக வந்தது, பிறகு ஊற்றிய கலங்கல் அப்படியே வந்தது. இரண்டு, கேன் தண்ணீரில் வயல் மண்ணைக் கரைத்துப் படிகாரம் போட்டால் அரை மணி ஆகியும் தெளியவில்லை. அதே படிகாரம் வீட்டுக் குடத்தில் தெளிய வைக்கிறது. மூன்று, "இதைக் குடிக்கலாமா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். கூடாது என்று சொல்லலாம், ஏன் கூடாது என்று கண்ணால் காட்ட வழி இருக்கிறதா? மைக்ராஸ்கோப் கிடையாது. செலவு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்க வேண்டும்.

படுகைமணல்:
டீச்சர், முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைகளிடம் "மணல் ஒரு சல்லடை" என்று சொல்லியிருந்தால் முதலில் அதை அழிக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் மணலை நெருக்கி அடைத்தால் மணிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளி 70, 80 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். நம் வயல் களிமண்ணின் துகள் 2 மைக்ரானுக்கும் கீழே. ஜன்னல் கம்பியில் கொசு நிற்குமா? களிமண்ணும் அப்படித்தான், தாராளமாக நுழைந்து வெளியே வரும். உங்கள் பாட்டிலில் நடந்தது அதுதான், மணல் மேல் குற்றமில்லை.

பெரிய சுத்திகரிப்பு நிலையத்தில் மணலுக்கு முன்பே படிகாரம் போட்டு, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரளாக்கி, பெரும்பகுதியைத் தொட்டியிலேயே படியவைத்து விடுவார்கள். படியாமல் மிஞ்சும் சின்னத் திரள்தான் மணலுக்கு வரும். படிகாரச் சத்து ஏறிய திரள் மணல் மணியின் மேல் ஒட்டிக்கொள்ளும். மணல் பிடிப்பது பெரும்பாலும் இப்படி ஒட்டவைத்துத்தான், சலித்து அல்ல. அதனால் படிகாரம் போடாத கலங்கலை நேராக மணலில் ஊற்றும் சோதனையை "இது தோற்கும், ஏன் தோற்கிறது பார்" என்பதற்காக மட்டும் முதல் நாள் செய்யுங்கள்.

அடுத்தது அடுக்கு வரிசை. ஜல்லியை மேலே போடுவது எல்லாப் பள்ளிக் கண்காட்சியிலும் பார்க்கிற தப்பு. ஜல்லி எதையும் வடிகட்டாது, மணல் ஓட்டை வழியாக ஓடிப்போகாமல் தாங்குவது மட்டும்தான் அதன் வேலை. நிலையங்களில் ஜல்லி கீழே, அதன் மேல் 60 முதல் 75 செ.மீ. மணல். கவிழ்த்த பாட்டிலில் மூடிப் பக்கம் ஒரு துண்டு கொசுவலை, அதன் மேல் கடலைப்பருப்பு அளவு ஜல்லி 4 செ.மீ., பிறகு டீ வடிகட்டியில் தங்குகிற குருமணல் 3 செ.மீ., அதன் மேல் டீ வடிகட்டியில் இறங்கி மாவுச் சல்லடையில் தங்குகிற மணல் 12 செ.மீ. ஊற்றுகிற தண்ணீர் குழி பறிக்காமல் இருக்க மேலே ஒரு துணி வட்டம். பஞ்சு வேண்டாம். பஞ்சு அடைத்துக்கொண்டால் எது வடிகட்டியது என்றே தெரியாது.

மணலைக் கழுவுவதில்தான் பாதி வெற்றி. வாளியில் போட்டுக் கையால் கிளறி, கலங்கலைச் சாய்த்து ஊற்றி, மறுபடி நிரப்பி, எட்டுப் பத்து தடவை. சாய்த்த தண்ணீரில் உங்கள் கைரேகை தெரிகிறவரை விடக்கூடாது. எம் சாண்டில் கல்பொடி அதிகம், இன்னும் நாலு கழுவு பிடிக்கும். நாகப்பட்டினம் பக்கத்து ஆட்கள் கடற்கரை மணலை எடுக்க வேண்டாம், உப்பும் கிளிஞ்சல் தூளும் கணக்கைக் கெடுக்கும்.

வேகமும் முக்கியம். நிலையத்து விரைவு மணல் வடிகட்டியில் தண்ணீர் மணிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் இறங்கும். உங்கள் பாட்டிலின் குறுக்களவு 10.5 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் போனால் ஒட்டியதையும் பிய்த்துக்கொண்டு வரும். மூடியைக் கழற்றிவிட்டுத் திறந்து விடாதீர்கள். மூடியில் சூடான ஊசியால் இரண்டு ஓட்டை போட்டு, கடிகாரம் வைத்து அளந்து, தேவைப்பட்டால் ஓட்டையைக் கூட்டுங்கள்.

கடைசியாக ஒன்று: மணலை உலர்ந்த நிலையில் கொட்டாதீர்கள். பாட்டிலில் பாதித் தண்ணீர் வைத்து, அதற்குள் மணலைத் தூவி இறக்குங்கள். காற்றுக் குமிழி சிக்கினால் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு பாட்டில் சுவரை ஒட்டி ஓடிவிடும். சோதனை முடியும்வரை மணலுக்கு மேல் மூன்று விரற்கடை தண்ணீர் நிற்க வேண்டும்.

ஓடம்போக்கி:
நன்றி சார். ஜல்லி விஷயம் தலைகீழாகத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கரியை எங்கே போடுவது?

படுகைமணல்:
எங்கேயும் வேண்டாம். அடுப்புக்கரி உறிஞ்சுகரி (ஆக்டிவேட்டட் கார்பன்) ஆகாது. நிறமும் வாடையும் பிடிக்கிற துளைகள் அதில் குறைவு, ஒட்டியிருக்கும் சாம்பல் தண்ணீரைக் காரமாக்கும், கரித்தூள்தான் உங்களுக்குக் கறுப்பாக வந்தது. காட்டியே ஆக வேண்டுமென்றால் மீன் தொட்டிக் கடையில் உறிஞ்சுகரி கிடைக்கும். நன்றாகக் கழுவி, தனிப் பாட்டிலில் போட்டு, நீல மை கலந்த தண்ணீரை மெதுவாக விடுங்கள். பக்கத்திலேயே அடுப்புக்கரிப் பாட்டில் ஒன்று. வித்தியாசம் தெரியும்.

அரசலாற்றங்கரை:
படிகாரம் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு வருகிறேன். காரணம் கேன் தண்ணீர்.

படிகாரம் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டோடு சேர்ந்தால்தான் வெள்ளைப் பஞ்சு மாதிரித் திரளும். அடிபம்பு, வாய்க்கால், ஆறு எல்லாவற்றிலும் அது இயல்பாக உண்டு. ஆர்.ஓ. கேன் தண்ணீரிலும் மழைநீரிலும் கிட்டத்தட்ட இல்லை. அதில் படிகாரம் போட்டால் தண்ணீர் புளிப்பாகும், திரளாது. தோற்றதையே பாடமாக்கலாம். தோற்ற அந்தப் பாத்திரத்தில் லிட்டருக்கு 0.2 கிராம் சமையல் சோடா (அது பைகார்பனேட்தான்), அதாவது இரண்டு விரலால் எடுக்கும் சிறு சிட்டிகை, போட்டுக் கலக்குங்கள். சில நிமிடத்தில் திரள் பிறக்கும். பி.எச். (புளிப்பு, கார அளவு காட்டும்) தாள் இருந்தால் முன்னும் பின்னும் நனைத்துக் காட்டலாம். நிலையங்களில் இதே வேலைக்குச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள்.

இனி முறையான சோதனை. முதல் நாள் சாயங்காலமே கலங்கல் தயாராக வேண்டும். ஒரு வாளி வாய்க்கால் தண்ணீரில் இரண்டு கை வயல் களிமண்ணை ஊறவைத்துக் கரைத்து, ஒரு மணி நேரம் அசைக்காமல் விட்டு, மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வேறு வாளிக்குச் சாய்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் மணலும் வண்டலும் தானாகவே அடியில் உட்கார்ந்து, படிகாரம் போடாத பாத்திரமும் தெளிந்த மாதிரித் தெரியும். சாய்த்து எடுத்த கலங்கல் அப்படி ஏமாற்றாது. 2 மைக்ரான் துகள் 10 செ.மீ. இறங்க ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும்.

மளிகைக்கடைத் தராசில் 10 கிராம் படிகாரம் நிறுத்துப் பொடித்து 1 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். இந்தக் கரைசலில் 1 மில்லி எடுத்து 1 லிட்டரில் விட்டால் 10 மில்லிகிராம். மெடிக்கலில் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். கழுத்து வெட்டிய ஆறு பாட்டில், ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் கலங்கல். ஒன்றுக்கு எதுவும் இல்லை, மற்றவற்றுக்கு 1, 2, 4, 6, 10 மில்லி.

ஆறு பிள்ளைகள், ஆறு ஒரே நீளக் குச்சி, ஒருவர் தாளம் போட வேண்டும். முதல் 1 நிமிடம் வினாடிக்கு இரண்டு சுற்று. படிகாரம் தண்ணீர் முழுக்கப் பரவ இந்த வேகம் தேவை. அடுத்த 10 நிமிடம் இரண்டு வினாடிக்கு ஒரு சுற்று. இந்த இரண்டாவது பகுதியில்தான் பையன்கள் கெடுப்பார்கள். உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினால் உருண்டு வந்த திரள் உடைந்து போகும், உடைந்தது மறுபடி அதே அளவுக்குச் சேராது. பிறகு குச்சியை எடுத்துவிட்டு 20 நிமிடம் யாரும் மேசையைத் தொடக்கூடாது.

எந்த அளவில் தெளிவு என்று பார்க்க, மேலாகச் சாய்த்துக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அடியில் பென்சிலால் கூட்டல் குறி போட்ட தாளை வைத்து மேலிருந்து பாருங்கள். பாட்டிலிலேயே பார்க்க முடியாது, அடி மடிப்பு மடிப்பாக இருக்கும். குறி தெரிகிற பாட்டில்களில் குறைந்த படிகாரம் எதுவோ அதுதான் சரியான அளவு. கூடப் போட்டால் கூடத் தெளியும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒரு அளவுக்கு மேல் ஒன்றும் மாறாது, சில தண்ணீரில் மோசமாகும். ஆற்றில் புதுவெள்ளம் வந்த வாரம் ஒரு அளவு, தை மாதம் வேறு அளவு. நிலையத்தில் இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது அதற்காகத்தான்.

கடையில் கொடுப்பது பளிங்கு மாதிரிக் கட்டியாக இருந்தால் பெரும்பாலும் பொட்டாஷ் படிகாரம். நிலையங்கள் பயன்படுத்துவது அலுமினியம் சல்ஃபேட். ஒரு கிராமுக்கு அலுமினியம் பொட்டாஷ் படிகாரத்தில் குறைவு, ஆகவே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தேவைப்படும். அங்கே போகிற அளவும் உங்கள் அளவும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

கரம்பை:
படிகாரத்துக்குப் பதில் தேத்தாங்கொட்டை, முருங்கை விதை செய்து காட்டலாமா? எங்கள் பக்கம் பாட்டிமார் இன்னும் பானையில் உரசுகிறார்கள்.

அரசலாற்றங்கரை:
தாராளமாக. தேற்றுதல் என்றாலே தெளியவைத்தல், பெயரே வேலையைச் சொல்கிறது. மண்பானையின் உள்பக்கச் சொரசொரப்பில் கொட்டையைச் சுற்றி உரசி, கலங்கலை ஊற்றி விட வேண்டும். முருங்கையில் நன்றாகக் காய்ந்து முற்றிய விதையின் தோலை உரித்து, உள்ளிருக்கும் வெள்ளைப் பருப்பை மட்டும் இடித்து, கொஞ்சம் தண்ணீரில் ஐந்து நிமிடம் குலுக்கி, துணியில் வடித்த பாலை ஊற்றுங்கள். லிட்டருக்கு ஒன்றிரண்டு விதை. அதிலுள்ள புரதம் நேர்மின்சுமை கொண்டது, களிமண் துகள் எதிர்மின்சுமை, அதனால் பிடித்துக்கொள்ளும். இதற்குச் சோடா சங்கதி தேவையில்லை, கேன் தண்ணீரிலும் வேலை செய்யும். ஆனால் விதைச்சத்து தண்ணீரில் தங்கிவிடுவதால் மறுநாள் நாற்றமெடுக்கும். ஒரு டம்ளரை மூடி வைத்து அடுத்த நாள் முகரச் சொல்லுங்கள்.

குளோரின் மூக்கு:
மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. தெளிந்த தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு என்று காட்ட எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) குப்பி போதும். ஊராட்சிக்குக் கொடுத்திருக்கும் களப் பரிசோதனைப் பெட்டியில் இருக்கும், ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடையிலும் கிடைக்கும். நான்கு குப்பி வாங்குங்கள்: வாய்க்கால் தண்ணீர், பாட்டிலில் வடித்த தண்ணீர், வடித்துக் குளோரின் போட்டது, கொதிக்க வைத்து ஆற்றியது. குறியிட்ட கோடு வரை ஊற்றி மூடி, நம் ஊர் அறை வெப்பத்தில் நிழலில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். மலக்கழிவோடு வருகிற நுண்ணுயிர் இருந்தால் கறுத்துவிடும். பளிச்சென்று தெளிந்த வடிநீர்க் குப்பி மறுநாள் மை மாதிரிக் கறுத்து நிற்கும்போது நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம்.

இதில் பிடிவாதமாக இருக்க வேண்டியது ஒன்றுண்டு. கறுத்த குப்பியில் கிருமி கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். பிள்ளைகள் மூடியைத் திறக்கக்கூடாது. நீங்களே கையுறையோடு திறந்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி அரை மணி வைத்து, பிறகுதான் கழிவறையில் கொட்ட வேண்டும். குப்பி கறுக்காவிட்டால் "பாதுகாப்பு" என்றும் எழுதிவிடாதீர்கள். இந்தச் சோதனைக்கு எதுவும் சிக்கவில்லை, அவ்வளவுதான்.

குளோரின் கணக்கு: புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். 3 கிராமை முதலில் கொஞ்சம் தண்ணீரில் பசை மாதிரிக் குழைத்து, 1 லிட்டராக்கி, கால் மணி நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் நின்றுவிடும். மேல் தெளிவில் 1 மில்லி எடுத்து 1 லிட்டரில் விட்டால் ஏறத்தாழ 1 மில்லிகிராம் குளோரின். இதை ஆசிரியர்தான் செய்ய வேண்டும், வகுப்பறைக்கு வெளியே, காற்று வரும் பக்கம் முதுகு காட்டி. ஆசிட், வினிகர், கழிவறைத் திராவகம் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

காட்ட வேண்டிய சோதனை: தெளிந்த வடிநீர் 1 லிட்டர், கலங்கல் வாய்க்கால் தண்ணீர் 1 லிட்டர். இரண்டுக்கும் 2 மில்லி. அரை மணி கழித்து இரண்டிலும் மிச்சக் குளோரின் (செலவாகாமல் மீந்திருப்பது) எவ்வளவு என்று கீழே சொல்லும் மாத்திரை போட்டுப் பாருங்கள். தெளிந்ததில் நிறம் காட்டும், கலங்கலில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சேறும் இலைச்சாறும் குளோரினைத் தின்றுவிட்டன, கிருமிக்கு மிஞ்சவில்லை. ஏன் முதலில் தெளியவைத்து, பிறகு வடித்து, கடைசியில் குளோரின் என்ற வரிசைக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. (கலங்கலில் நிறத்தைச் சரியாகப் பார்க்க முடியாது, பார்க்கும் முன் துணி மடித்து வடித்துக்கொள்ளுங்கள்.)

மிச்சக் குளோரின் பார்க்க டி.பி.டி. மாத்திரை வாங்குங்கள், இளஞ்சிவப்பாகும். டேங்க் ஆபரேட்டர்கள் கையில் இருக்கும் மஞ்சளாகும் ஓ.டி. (ஆர்த்தோ டாலிடின்) கரைசல் பிள்ளைகள் கையில் வேண்டாம், அது நச்சு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500 சொல்வது, குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும்.

பவுடர் பழசானால் கணக்கே பாழ். ஐப்பசி அடைமழையில் வாய் திறந்து கிடந்த மூட்டை கட்டி தட்டி, வாடையே இல்லாமல் இருக்கும். அதில் 3 கிராம் போட்டு 0 வந்தால் தண்ணீரைத் திட்டாதீர்கள்.

கடைமடை:
எல்லாரும் படிகாரத் தொட்டி, மணல் தொட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். டெல்டாப் பிள்ளைகளில் பலர் வீட்டுக் குழாய்க்கு வரும் தண்ணீர் அந்த இரண்டையும் பார்த்ததே கிடையாது. அதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கொள்ளிடத்திலிருந்து எடுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் ஆற்றுப் படுகைக்குள்ளேயே கிணறு இறக்கியிருப்பார்கள். மேலே ஓடுகிற தண்ணீர் மீட்டர் கணக்கில் மணலுக்குள் மெதுவாக இறங்கி அந்தக் கிணற்றுக்கு வரும். படுகை மணலே வடிகட்டி. ஆற்றில் செம்மண் நிறத்தில் வெள்ளம் போனாலும் கிணற்றில் தெளிவாக இருப்பது அதனால்தான். பிறகு குளோரின் மட்டும் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவார்கள். கொள்ளிடத் தண்ணீர் இப்படி வேதாரண்யம் வரை குழாயில் போகிறது. அதே கொள்ளிடத் தண்ணீர் கீழணை, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போய்த் திறந்த நீராகக் கிடக்கும்போது நேரே குடிக்க முடியாது. சென்னைக்கு அனுப்பும் முன் வடக்குத்து நிலையத்தில் முழுச் சுத்திகரிப்பு நடக்கிறது. ஒரே ஆறு, இரண்டு வழி. ஆற்று மணலை அள்ளினால் குடிநீருக்கு என்ன ஆகும் என்று பிள்ளைகளே கேட்பார்கள், நீங்கள் தொடங்க வேண்டியதில்லை.

பாட்டிலில் இதைச் செய்ய, மூடி ஓட்டையை ஒன்றாக்கி நிமிடத்துக்கு 14, 15 மில்லி மட்டும் சொட்டவிடுங்கள். மெதுமணல் வடிகட்டியின் வேகம் அதுதான். ஆனால் அதன் மேலே வளரும் வழவழப்பான உயிர்ப்படலம்தான் கிருமியைப் பிடிக்கிறது. அது உருவாகச் சில வாரம் பிடிக்கும், மூன்று பீரியடில் வராது. அதைச் சொல்லிவிடுங்கள்.

மணலால் முடியாததையும் காட்டுங்கள். 1 லிட்டரில் 2 கிராம் கல்லுப்பு கரைத்து வடித்தால் டி.டி.எஸ். (கரைந்த உப்பளவு காட்டும்) மீட்டரில் ஏறத்தாழ அதே எண் வரும். கடலோரத்து உவர்நீருக்கு ஏன் ஆர்.ஓ. என்பது புரியும். இரும்பு அப்படியல்ல. அடிபம்பில் அடித்தவுடன் தெளிவாக இருந்து, குடத்தில் வைத்தால் துருநிறம் இறங்குகிற தண்ணீர் கிடைத்தால் அதிர்ஷ்டம். பாதி பாட்டில் பிடித்து இரண்டு நிமிடம் வேகமாகக் குலுக்கி, அரை மணி வைத்து மணலில் விடுங்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் கரைந்த இரும்பைத் துருவாக்கிவிடும், துருவை மணல் பிடிக்கும். குலுக்காமல் உடனே விட்ட தண்ணீரில் இரும்பு வழுக்கிக்கொண்டு போய், வெளியே வந்த பிறகு சிவக்கும்.

ஓடம்போக்கி:
மூன்று பீரியடுக்குள் எதை விடுவது? அடைத்துப்போன மணலைக் கழுவிக் காட்ட வேண்டுமா?

படுகைமணல்:
முதல் நாள் வெறும் மணல் தோல்வி, அதே பீரியடில் எச்2எஸ் குப்பியும் வைத்துவிடுங்கள். அப்போதுதான் மூன்றாம் நாளுக்குக் கறுத்திருக்கும். வடிநீர்க் குப்பிக்கும் குளோரின் போட்ட குப்பிக்கும் நீங்கள் முந்தின நாளே படிகாரத்தில் தெளியவைத்து, வடித்துத் தயார் செய்திருக்க வேண்டும். குப்பியில் ஊற்றும்போது மிச்சக் குளோரின் இருந்தால் குப்பியிலுள்ள சோதனைச் சத்தையே கெடுத்துவிடும், ஆகவே மாதிரியில் சோடியம் தயோசல்ஃபேட் ஒரு படிகம் போட்டுக்கொள்ளுங்கள், பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்கள். இரண்டாம் நாள் படிகாரம், அதில் தெளிந்ததை மணலில் விடுதல். மூன்றாம் நாள் குளோரின், கறுத்த குப்பி. உறிஞ்சுகரி, முருங்கை, இரும்பு மூன்றையும் அறிவியல் மன்றத்துக்குத் தள்ளுங்கள்.

மணல் கழுவுவதை விடாதீர்கள், ஐந்து நிமிட வேலை. தண்ணீர் நிரப்பிய கொத்தனார் லெவல் டியூபைப் பாட்டில் வாயில் செருகி, மறுமுனையை மேசை மேல் வைத்த வாளித் தண்ணீருக்குள் விட்டு, பாட்டிலைத் தரையில் பிடித்துக்கொண்டால் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும். மணல் கால் பங்கு பொங்கி மிதக்கிற அளவுக்குத் திறந்து விடுங்கள். அழுக்கு வழிந்து போகும், மணல் நிற்கும். நிறுத்தியபின் பாருங்கள், பொடிமணல் மேலே, குருமணல் கீழே என்று தானாகப் பிரிந்து உட்காரும். டியூபைச் செருகுமுன் மூடியோடு இருக்கும் கொசுவலையை நூலால் இறுகக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மூடியைக் கழற்றியதும் கொட்டும் ஜல்லியைத் தரையில் பொறுக்க வேண்டிவரும்.